காப்பாத்திப்போட்டுக் கோவிக்கிற மனிசன்

லண்டன் குரோய்டனிலை ஒரு கலியாண வீடு. நானும் அந்த மனிசனும் பக்கத்துப் பக்கத்திலை இருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறம். கோட் சூட் போட்ட ஒருத்தர், மனிசியையும் ரெண்டு பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு வந்து, இவற்றை காலைத் தொடக் குனியிறார்.

"அண்ணை, என்னைத் தெரியேல்லையோ? அண்டைக்குத் தண்ணிக்குள்ளை இருந்து என்னைத் தூக்கினது நீங்கள். இந்தப் பிள்ளையளுக்கு இண்டைக்கு அப்பா இருக்கிறார் எண்டா..."

சொல்லி முடிக்க ஏலாமல் கண் கலங்கிப் போச்சு அவருக்கு. பக்கத்திலை இருந்த எனக்கும் தொண்டை அடைச்சுது, அது பாதி வடையாலை. எங்கடை மனிசன் நிமிர்ந்து பாக்கேல்லை.

"நீச்சல் பழகினனீரோ?"

"இல்லை அண்ணை, வேலை, பிள்ளையள், நேரம்..."

"அப்ப எழும்பிப் போம். சாப்பாடு ஆறுது."

அவர் போன பிறகு, "என்ன அண்ணை நீங்கள், அந்தாள் நன்றி சொல்லத்தானே வந்தது" எண்டன்.

"அந்தாள் இல்லை. விசரன்" எண்டார். சொல்லிப்போட்டுப் பாயாசம் எடுக்கப் போனார்.

இதுதான் அவர். ஆக்களைக் காப்பாத்துவார். காப்பாத்தின நாளிலையிருந்து அவையோடை கோவம். சாதாரண கோவம் இல்லை, காணி வழக்குக் கோவம். வருசக் கணக்கிலை இழுக்கும்.

தேம்ஸ் கடலோடை சேருற பக்கத்திலை, ஈஸ்ட் ஹாமிலையிருந்து கொஞ்சம் நீட்டா ஓடினா வாற ஒரு கரையூரிலை அவருக்குக் கடை. பேப்பர், பால், லொத்தர்ச் சீட்டு. அந்தக் கரையிலை ஒரு லைஃப்போட் ஸ்டேஷன் இருக்கு. கடலிலை ஆரும் மாட்டினாப் படகு கொண்டு போய்த் தூக்கி வாற இடம். சம்பளம் இல்லை. ஒரு பிளம்பர், ஒரு ரீச்சர், மீன் பொரிக்கிற கடைக்காரன், இவர், இப்பிடித் தொண்டர்மார்தான். இடுப்பிலை ஒரு பேஜர். அது கத்தினாக் கையிலை என்ன இருந்தாலும் போட்டிட்டு ஓடவேணும்.

இவர் அதிலை சேந்ததே ஒரு பகிடியாலை. ஆள் சேர்க்கிற நோட்டீஸைக் கடைக் கண்ணாடியிலை ஒட்ட வந்த வெள்ளைக்காரன் ஒருத்தன், "நீயும் வாவன்" எண்டு சும்மா சொல்லியிருக்கிறான். எங்கடை மனிசனுக்குப் பகிடி விளங்காது. அடுத்த கிழமை கவுன்சில் நீச்சல் குளத்திலை, சின்னப் பிள்ளையளோடை சேந்து, முப்பத்தைஞ்சு தாண்டின வயதிலை காலடிச்சுப் பழகினவர். அந்தப் பகிடி விளங்காமலே இருவது வருசத்துக்கு மேலை ஓடினவர்.

நான் அவருக்கு நேர் எதிர். எனக்குப் பகிடி மட்டும்தான் விளங்கும். மினி பஸ் ஓடுறன். கலியாணம், சாமத்திய வீடு, தேர்த் திருவிழா, செத்த வீடு, எல்லாத்துக்கும் ஆக்களை ஏத்தி இறக்கிறது. ஓட்டத்தை விட வாய் கூட. செத்த வீட்டுக்காரருக்குப் பகிடி விடப்போய், ஸ்ட்ரெதமிலை வைச்சு என்ரை பஸ்ஸிலை இருந்தே என்னை இறக்கி விட்டிருக்கினம். மிச்சத் தூரம் அவையின்ரை மருமகன்தான் ஓடினது.

முதல் முதல் நான் அவற்றை கடைக்குப் போனது ஒரு சோடா வாங்க. வாசலிலை பஸ்ஸுக்குள்ளை ஆக்கள் காத்துக்கொண்டிருக்கினம். சோடாவைக் கையிலை எடுக்கேக்கை பேஜர் கத்திச்சுது. மனிசன் என்னை மேலையும் கீழையும் பாத்தார்.

"தமிழோ?"

"ஓம்."

"கடையைப் பாரும்."

அவ்வளவுதான். ஆளைக் காணேல்லை. நான் லொத்தர் மெஷினோடை மல்லுக்கட்டிக்கொண்டு நிக்கிறன். ஒரு கிழவி வந்து நேத்தையான் பேப்பரைத் தா எண்டு சண்டை. பஸ்ஸிலை இருந்தவை ஒவ்வொருத்தரா இறங்கி வந்து கடையிலை இருந்த சிப்ஸ் முழுக்க முடிச்சுப்போட்டினம். மனிசன் திரும்பி வரேக்கை தலையெல்லாம் ஈரம்.

"ஆள் உயிரோடயோ அண்ணை?"

"உயிரோடை" எண்டார், துக்கச் செய்தி சொல்லுற மாதிரி. நான் ஒரு நன்றியை எதிர்பாத்து நிண்டன். "கதவை ஏன் திறந்து விட்டனீர், குளிர் வருது" எண்டார். என்னையும் தான் காப்பாத்தின ஆக்களின்ரை கணக்கிலை சேத்திட்டார் போலை எண்டு நினைச்சன்.

அந்தக் கரையைப் பற்றிச் சொல்லவேணும். தண்ணி வத்தினா, கண்ணுக்கெட்டின தூரத்துக்குச் சேறு. நடக்கலாம். வடிவா இருக்கும். தண்ணி திரும்பி வரேக்கை முன்னாலை வராது. பக்கத்து வாய்க்காலுகளுக்குள்ளாலை வந்து உங்கடை முதுகுக்குப் பின்னாலை நிறையும். கடல் இன்னும் தூரத்திலை நிக்குது எண்டு நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கேக்கை, கரைக்குப் போற வழி போயிடும்.

எங்கடை ஆக்கள் செத்தவையின்ரை சாம்பல் கரைக்க அங்கைதான் போறது. ஊரிலை, சாம்பல் கரைக்கிற கீரிமலையிலை, கடல் எப்பவும் படிக்குக் கீழை நிண்டது. நீங்கள் எத்தினை மணிக்குப் போனாலும் நிக்கும். அந்தப் பழக்கம். ஐயர் பஞ்சாங்கம் பாத்து நேரம் குறிச்சுக் குடுப்பார். அந்த நேரத்துக்குக் கடல் அவடத்திலை நிக்குமோ எண்டு பஞ்சாங்கத்திலை இராது. இவை போய் இறங்கினாச் சேறு. சேத்திலை அப்பாவைக் கொட்ட ஏலுமோ? வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு, பானையைக் கையிலை ஏந்திக்கொண்டு, தண்ணியைத் தேடி நடக்கத் தொடங்குவினம். நாலைஞ்சு பேர், நல்ல நேரம் முடியப்போகுது எண்ட அவசரத்திலை, கடலைத் துரத்திக்கொண்டு.

இப்பிடிப் போன ஒரு குடும்பத்தை ஒருக்கா எங்கடை மனிசன்ரை லைஃப்போட் போய்த் தூக்கினது. தண்ணி இடுப்புக்கு வந்தும் மூத்த மகன் படகிலை ஏறமாட்டன் எண்டு நிண்டிருக்கிறார். சாம்பல் இன்னும் கரைக்கேல்லை, பாதியிலை விட்டா அப்பா அலைவார் எண்டு. இவர் பானையைப் பறிச்சுத் தன்ரை மடியிலை வைச்சுக்கொண்டு, "கொப்பர் வந்திட்டார். இனி நீர் வாறீரோ, நாங்கள் போகட்டோ?" எண்டிருக்கிறார். கரைக்கு வந்து போர்வையைப் போத்திக்கொண்டு அந்த மகன் சொன்னது, "கடவுள்தான் உங்களை அனுப்பினவர்."

"கடவுள் அனுப்பேல்லை" எண்டார் இவர். "நாயோடை நடந்துகொண்டு போன ஒரு கிழவி ஃபோன் அடிச்சவ."

அந்தக் குடும்பம் பேந்து ஒரு பெட்டி லட்டு கொண்டு கடைக்கு வந்தது. பெட்டியைத் திறக்காமல் அப்பிடியே திருப்பிக் குடுத்தார். நான் பக்கத்திலை நிண்டனான். லட்டைப் பாத்து என்ரை மனம் பட்ட பாடு ஆருக்கும் தெரியாது.

ஐயர்மாரோடை அவருக்குத் தீராத சண்டை. ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் இடையிலை இடுக்கிக்கொண்டு, பால் போத்தல் அடுக்கியடுக்கிக் கதைப்பார்.

"ஐயா, பதினொரு மணி சரிவராது. ரெண்டு மணிக்கு வைச்சாத் தண்ணி கரை மதிலடிக்கு வரும். ஆக்கள் சப்பாத்தும் நனையாமல் கரைச்சுப்போட்டு வரலாம்."

அங்காலை ஏதோ சொல்லுவினம்.

"ராகு காலத்தைப் பற்றி எனக்குத் தெரியாது ஐயா. தண்ணிக்கும் தெரியாது."

பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஈஸ்ட் ஹாமிலை கோயில் ஒண்டு வருசா வருசம் ஒரு கலண்டர் அடிச்சுக் குடுக்கும். ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் அதிலை. லண்டனிலை தமிழ் வீடுகளின்ரை குசினிச் சுவர் முழுக்க அதுதான். அந்தக் கலண்டரிலை, ஒவ்வொரு நாளுக்குக் கீழையும், அந்தக் கரைக்குத் தண்ணி எப்ப வருது, எப்ப வத்துது எண்டு ஒரு சின்ன வரி போடவேணும். அவ்வளவுதான் கேட்டவர். வேறை ஒண்டும் அவர் அந்தச் சனத்திட்டை கேட்டதில்லை.

கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனன். இவர் லைஃப்போட் ஜாக்கெட்டோடை வந்தவர். வேறை நல்ல உடுப்பு இல்லை எண்டில்லை, அதுதான் நல்ல உடுப்பு எண்ட நினைப்பு. விளங்கப்படுத்தினார். வடிவாத்தான் சொன்னார். கமிட்டித் தலைவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்திட்டு, சிரிச்ச முகத்தோடை கேட்டார்.

"தம்பி ஊரிலை எவடம்?"

இந்தக் கேள்வி என்னத்துக்குக் கேக்கிறது எண்டு எங்கடை ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரைச் சொன்னா, ஒழுங்கையைக் கேப்பினம். ஒழுங்கையைச் சொன்னா, ஆற்றை பிள்ளை எண்டு கேப்பினம். அதுக்குப் பிறகு கதிரை தாறதோ இல்லையோ எண்டு முடிவெடுப்பினம். கடல், படகு எண்டு இவர் வாயைத் திறந்தவுடனையே அவை முடிவெடுத்தாச்சு, கடற்கரைப் பக்கத்து ஆள் எண்டு.

உண்மையிலை இவர் வெங்காயத் தோட்டக்காரன்ரை மகன். லண்டனுக்கு வாறதுக்கு முந்திக் கடலிலை கால் நனைச்சதே பள்ளிக்கூடச் சுற்றுலாவிலைதான். ஊர்ப் பேரைச் சொல்லியிருந்தா அந்த நிமிசமே தேத்தண்ணி வந்திருக்கும், கலண்டரிலை வரியும் வந்திருக்கும். நான் மேசைக்குக் கீழாலை காலாலை தட்டினன், சொல்லுங்கோ எண்டு.

"ஊரிலை எவடமெண்டா என்ன?" எண்டார் இவர். "செத்தா எல்லாரையும் நான்தானே தூக்கவேணும்."

சமயக் கலண்டரிலை இப்பிடியான விசயங்கள் போடுறது அழகில்லை எண்டு முடிவாச்சு. திரும்பி வரேக்கை காரிலை நான் பகிடி விட்டுப் பாத்தன். "அண்ணை, ஒரு வெங்காயத்தைக் கொண்டு போய்க் காட்டியிருக்கலாம்." அவர் யோசிச்சுப்போட்டு, "என்னத்துக்கு?" எண்டார். அடுத்த வருசமும் கேட்டவர். அதுக்கடுத்த வருசமும். ஒரு முறை கூட ஊரைச் சொல்லேல்லை.

நான் அவரிட்டை ஒருக்கா நேர கேட்டன், ஏன் அண்ணை காப்பாத்தின ஆக்களோடை இந்தக் கோவம் எண்டு. கடையிலை பேப்பர் கட்டுப் பிரிச்சுக்கொண்டு நிண்டவர்.

"ஒருத்தனோடை கோவிக்கேல்லை" எண்டார்.

அவன் ஒரு பெடியன். இல்ஃபோர்ட் பக்கத்துப் பெடியன், நல்ல வாய், இவரையே சிரிக்கப் பண்ணினவனாம். சேத்திலை மாட்டினவனைப் படகிலை போய்த் தூக்கினவை. அடுத்த கிழமை கடைக்கு வந்தான். தேத்தண்ணி குடிச்சான். பிறகு ஒவ்வொரு சனியும் வருவான். இவற்றை மனிசி அவனுக்கு எண்டு ரோல்ஸ் பொரிச்சு வைப்பா. நல்லாப் பழகிப் போச்சு.

"அடுத்த கோடைக்குத் திரும்பவும் போனவன், சிநேகிதப் பெடியளையும் கூட்டிக்கொண்டு. தண்ணி வருகுதடா எண்டு அவங்கள் சொல்ல, 'பயப்பிடாதேங்கோ, அண்ணை இருக்கிறார், வருவார்' எண்டவனாம். மற்றவங்கள் ஓடி வந்திட்டாங்கள். இவன் நான் வருவன் எண்டு ஆறுதலா நடந்தவன்." பேப்பர்க் கட்டின்ரை நைலோன் பட்டியை வெட்டினார். "வந்தனான்தான், பிந்தி."

வெட்டின பட்டியை நான் குனிஞ்சு பொறுக்கினன்.

"நான் முகம் குடுக்காத ஒருத்தரும் ரெண்டாம் முறை தண்ணிக்குள்ளை போகேல்லை" எண்டார். "ஏசிப்போட்டு விட்டா, அந்த அவமானத்துக்கே கடற்கரைப் பக்கம் வரமாட்டினம். சிரிச்சா வருவினம்."

அவற்றை மனிசியைக் கேட்டா, வேறை கதை சொல்லுவா. "என்னோடை ஒரு நாளும் கோவிச்சதில்லை தம்பி. ஏனெண்டா நான் தண்ணிக்குள்ளை விழேல்லை. ஒருக்கா விழுந்து பாப்பமோ எண்டு யோசிச்சனான், என்னையும் கொஞ்ச நேரம் பாக்கட்டும் எண்டு."

வயது போன பிறகு படகிலை ஏத்த மாட்டம் எண்டிட்டினம். கரையிலை நிண்டு கயிறு கழுவுறது, உடுப்புக் காயப்போடுறது, உண்டியல் குலுக்குறது எண்டு விட்டினம். உண்டியல் மட்டும் சரிவரேல்லை. இவற்றை முகத்தைப் பாத்துச் சனம் மற்றப் பக்கத்தாலை போகத் தொடங்கீட்டுது. அதையும் நிப்பாட்டீட்டினம். கயிறு மட்டும் மிஞ்சினது.

போன மாரியிலை கடைக்குள்ளை பேப்பர் கட்டுக்குப் பக்கத்திலை விழுந்தவர். அம்புலன்ஸ் வர முந்தியே முடிஞ்சுது. அவரைத் தூக்க ஒருத்தருக்கும் ஒரு வாய்ப்பும் குடுக்கேல்லை. அவற்றை சாம்பலை, கூட ஓடின ஆக்களே படகிலை கொண்டு போய்க் கரைச்சவை. மனிசி நேரம் குறிச்சவ, ஐயர் இல்லை. ஐயர் வாயே திறக்கேல்லை.

அதுக்குப் பிறகு அவர் நல்லவராயிட்டார். செத்தவுடனை எங்கடை ஆக்கள் எல்லாருக்கும் செய்யிற வேலை அது. ஆங்கிலப் பேப்பரிலை அவற்றை படம் வந்திருந்தது. கமிட்டித் தலைவருக்கு ஆரோ வெட்டி அனுப்பியிருக்கினம். அதோடை ஊர்ப் பேரும், தகப்பன்ரை பேரும் எப்பிடியோ தெரிய வந்திட்டுது. "எங்கடை ஆளெல்லே" எண்டு தலைவர் எனக்கே ஃபோன் எடுத்துச் சொன்னார், நான் என்னவோ மறைச்சு வைச்ச மாதிரி. இந்த வருசக் கலண்டரை அவற்றை நினைவா அடிக்கிறம் எண்டார். தண்ணி நேரமும் போடுறமாம்.

கலண்டர் வந்தது. முன் பக்கத்திலை அவர், மாலை போட்டு, பின்னாலை ஒளிவட்டம். சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை ஆரோ கொம்பியூட்டரிலை செய்திருக்கினம், பல்லு அவற்றை பல்லில்லை. உள்ளுக்கை ஒவ்வொரு நாளுக்கும் நல்ல நேரத்துக்குக் கீழை தண்ணி நேரம். வடிவாத்தான் அடிச்சிருக்கினம்.

நான் தற்செயலாத்தான் ஒத்துப் பாத்தன். சாம்பல் ஓட்டம் போறதாலை அந்தக் கரையின்ரை நேரம் என்ரை ஃபோனிலை எப்பவும் இருக்கும். அவர் போட்டுத் தந்தது. கலண்டரிலை இருந்தது அந்தக் கரையின்ரை நேரம் இல்லை. லண்டன் பிரிட்ஜ் அடியிலை தண்ணி ஏறி இறங்கிற நேரம். கோயில் லண்டனிலை தானே, அப்ப லண்டன் எண்டு இருந்ததை எடுத்துப் போட்டிட்டினம். கடல் தண்ணி ஆத்துக்குள்ளாலை அவ்வளவு தூரம் ஏறி வர, ஒரு மணித்தியாலத்துக்கு மேலை செல்லும். அதாவது கலண்டரிலை தண்ணி இன்னும் வத்திக்கொண்டிருக்கு எண்டு போட்டிருக்கேக்கை, அங்கை கரையிலை அது திரும்பி வரத் தொடங்கி எவ்வளவோ நேரம்.

தலைவருக்கு ஃபோன் எடுத்தன்.

"பிழையோ?" எண்டார். "சரி, அடுத்த வருசம் திருத்துவம்."

"அண்ணை, இது அடுத்த வருசத்து வேலையில்லை. ஆக்கள் இதை நம்பிச் சேத்துக்குள்ளை இறங்கப் போகினம்."

"எல்லாம் அடிச்சுக் குடுத்து முடிஞ்சுது தம்பி. இப்பப் போய்ப் பிழை எண்டு சொன்னா, அவற்றை பேருக்கெல்லே அவமரியாதை."

"அப்ப கோயிலிலை ஒரு அறிவித்தலாவது..."

"நீர் எப்பவும் பகிடிதானே" எண்டு வைச்சிட்டார். பஸ் மைக்கிலை பகிடி விட்டே காலம் போன ஆள் நான். ஒருக்கா உண்மை சொல்லேக்கை ஆர் கேக்கப் போகினம்?

என்னாலை ஏலுமான அளவுக்கு, ஈஸ்ட் ஹாம் கடையளுக்குள்ளை தொங்கின கலண்டருகளிலை அந்தத் தண்ணி நேரத்தை மார்க்கராலை வெட்டிக்கொண்டு திரிஞ்சன். நகைக்கடைக்காரன் பொலிசைக் கூப்பிடப் போறன் எண்டான்.

சித்திரையிலை ஒரு குடும்பம் என்ரை பஸ்ஸைப் பிடிச்சுது. தாயின்ரை சாம்பல். சுவிஸிலை பாஸலிலை இருந்து வந்து இஞ்சை கடை போட்ட ஆக்கள், மகன் நல்ல பெடியன். போற வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தன், பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ, தண்ணி மதிலடிக்கு வரும் எண்டு. ஐயர் பன்ரெண்டுக்கு முந்தி எண்டவராம்.

கரையிலை இறங்கினா வெறும் சேறு. பெடியன் ஃபோனை எடுத்துக் காட்டினான். கலண்டரைப் படம் பிடிச்சு வைச்சிருக்கிறான்.

"பயமில்லை அண்ணை. ஒரு மணி வரைக்கும் வத்துமாம். போட்டு வர நேரம் இருக்கு."

"அது பிழை தம்பி."

"எப்பிடிப் பிழைக்கும்? அவற்றை படமே போட்டிருக்கு."

நான் பஸ்ஸை நேராக்கி நிப்பாட்டி முடிய, அவை இறங்கி நடந்திட்டினம். பானையைப் பெடியன் ஏந்தியிருக்க, பின்னாலை மாமன், தங்கச்சி, தங்கச்சியின்ரை புருசன். நான் ஹோர்னை அமத்திப் பிடிச்சன். திரும்பிப் பாத்துக் கையைக் காட்டிப்போட்டுப் போயினம். ஃபோனிலை அவசர உதவிக்கு 999 அடிச்சன். பிறகு இந்த வயித்தையும் கொண்டு சேத்துக்குள்ளை இறங்கி ஓடினன். ஓடினது எண்டு சொல்லுறன், பாத்த ஆக்கள் வேறை சொல் வைச்சிருப்பினம். தெரிஞ்ச அசிங்கமான வார்த்தை எல்லாத்தாலையும் கூப்பிட்டன். செத்த தாயையும் விடேல்லை. அந்தப் பேச்சுக்குத்தான் நிண்டு திரும்பினவை, என்னை அடிக்க எண்டு.

திரும்பினாப் பிறகுதான் கண்டினம், வந்த வழியிலை வாய்க்கால் நிறையிறதை.

கையைக் கோத்துக்கொண்டு கடந்தம். மாமனுக்கு நெஞ்சு வரைக்கும். படகு வரேக்கை நாங்கள் மதிலடியிலை இருமிக்கொண்டிருக்கிறம். படகிலை வந்த பெட்டை என்னைத் தெரிஞ்சவள், அவற்றை கையிலை வேலை பழகினவள். பெடியன்ரை ஃபோன் திரையிலை அந்தப் படத்தைக் கண்டிட்டு, "இவற்றை படம் ஏன் இதிலை?" எண்டு என்னட்டைக் கேட்டாள். வாய்க்காரன் நான். எனக்கு அதை இங்கிலிஷிலை சொல்லத் தெரியேல்லை. தமிழிலையும் தெரியாது.

வீட்டுக்குப் போற வழி முழுக்க நான் கதைக்கேல்லை. ரெண்டு சிக்னலுக்கு இடையிலை வாய் மூடத் தெரியாத ஆள், ஈஸ்ட் ஹாம் மட்டும் கண்ணாடியைக் கூடப் பாக்கேல்லை. மாமன் பின்னாலை இருந்து கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தார். இறங்கேக்கை பெடியன் நனைஞ்ச பானையை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு என்ரை ஜன்னலடிக்கு வந்தான்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. அவர் நேரம் சரியாத்தான் போட்டிருப்பார். கடல்தான் இண்டைக்குக் கொஞ்சம் முந்தி வந்திட்டுது."